ஒரு நாட்டுக்கோழி போதும்: வேலூர் மாவட்ட அறிவியல் ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் வந்தால் ஊர்வனவுக்கும் பறவைக்கும் இடைப்பட்ட ஆர்க்கியாப்டெரிக்ஸ் படத்தைக் காட்டி, ‘இணைப்பு உயிரி’ என்று எழுதிப்போட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். ஒரு பண்பு எப்படி மாறிவந்தது என்பது பிள்ளைகளுக்கு விளங்குவதே இல்லை. புதைபடிவம் காட்டவும் இங்கே வழியில்லை: நம் மலைப்பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டு பழையவை, டைனோசர்கள் தோன்றியதோ ஏறக்குறைய 23 கோடி ஆண்டுக்கு முன்புதான். ஆனால் பறவைகள் டைனோசர்களின் வழிவந்தவை, அந்த மாற்றத்தின் தடயம் கோழி எலும்பிலேயே இருக்கிறது. கோழிக்கடையோ தெருவுக்குத் தெரு இருக்கிறது.

முட்டையிட்டு ஓய்ந்த நாட்டுக்கோழியாகக் கேளுங்கள். பிராய்லர் சுமார் 40 நாளிலேயே வெட்டுக்கு வந்துவிடும். எலும்பு முனைகள் குருத்தாகவே இருப்பதால் வேகும்போது கழன்றுபோகும். நெஞ்சு, இறக்கை, பாதம் மூன்றையும் துண்டு போடாமல் வாங்குங்கள். குக்கர் வேண்டாம், சிறு தீ போதும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு எலும்புக்குள் இறங்கி மஞ்சளடிக்கும். சதையை உருவிவிட்டு, பாத்திரம் துலக்கும் சோப்பு கரைத்த நீரில் இரண்டு நாள், பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள் ஊறவையுங்கள். பிளீச்சிங் பவுடர் எலும்பையே அரித்துவிடும். பச்சைக் கறியை வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள், சால்மோனெல்லா கிருமி தொற்றும்.

முதலில் நெஞ்சின் மேற்புறக் கவட்டை எலும்பு. இரண்டு காறையெலும்புகள் ஒட்டி ஒன்றானது அது. டைனோசர்களுக்குக் காறையெலும்பே கிடையாது, ஆகவே பறவைகள் அவற்றிலிருந்து வந்திருக்க முடியாது என்று டென்மார்க் ஓவியரும் பறவை ஆய்வாளருமான கெர்ஹார்ட் ஹைல்மன் 1926இல் வாதிட்டார். பல பத்தாண்டுகள் அதுவே நிலைத்தது. 1924இல் விவரிக்கப்பட்ட ஓவிராப்டர் என்ற டைனோசரிலேயே அந்தக் கவட்டை இருந்தது, வேறு எலும்பு என்று எழுதிவைத்திருந்தார்கள்! பின்னாளில் டைரனோசரஸ், வெலாசிராப்டர் என்ற டைனோசர்களிலும் கிடைத்தது. ஒரு சான்று எப்படித் தவறிப்போகிறது என்பதையும் இதை வைத்தே சொல்லலாம்.

ஒரு இறக்கையை மட்டும் தோலோடு 20 நிமிடம் வேகவைத்து, தசைநார் விடுவதற்குள் எடுத்துவிடுங்கள். மடக்கினால் மணிக்கட்டு பக்கவாட்டில் நன்றாகத் திரும்பும். நம் கை கொஞ்சம்தான் சாயும். அப்படித் திரும்ப உதவும் பிறைவடிவ எலும்பு, அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் ஜான் ஆஸ்ட்ரோம் 1969இல் பெயரிட்ட டைனோனிகஸ் என்ற டைனோசருக்கும் உண்டு. அது பறக்கவில்லை. ஆகவே ‘பறப்பதற்காக உண்டானது’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இறகுக்கும் இதே கதைதான்: 1996இல் சீனாவின் லியாவோனிங்கில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசரின் உடம்பில் இருந்தவை நூல்போன்ற இழைகள், அவற்றை வைத்துப் பறக்கவே முடியாது. முன்பே இருந்த உறுப்பு பிற்பாடு வேறு வேலைக்கு உதவியது, அவ்வளவே.

பாதத்தில் விரல்களுக்கு மேலுள்ள நீண்ட எலும்பின் அடியில் கப்பிபோல மூன்று முனை தெரியும். மூன்று எலும்பு ஒட்டிய தடம் அது. அதற்கு மேலே பின்பக்கம் புடைத்திருப்பதைப் பிள்ளைகள் முட்டி என்பார்கள், அது கணுக்கால். இன்னொன்று, கோழி டைரனோசரஸின் பேரப்பிள்ளை இல்லை, பங்காளி.

எலும்புகள் நன்றாகக் காய்ந்தபின் டப்பாவில் அந்துருண்டை ஒன்று போட்டு மூடிவையுங்கள். அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கும் ஆகும்.

இப்படிக்கு,
உயிரியல் கற்பிப்போர் சிலர், வேலூர்