பழம்பொருளின் படத்தோடு மண்ணடுக்கையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்ருட்டி அருகே மருங்கூரில் மாநிலத் தொல்லியல் துறை 2024ஆம் ஆண்டு முதற்கட்ட அகழாய்வைத் தொடங்கியதிலிருந்து, கடலூர், புதுச்சேரி வட்டாரத்துப் பழம்பொருள் செய்திகளை நாளிதழ்களில் ஆவலோடு தேடிப் படிப்பவர்களில் நானும் ஒருவன். பெரும்பாலான செய்திகளில் உள்ளங்கையில் ஏந்திய ஒரு மணியோ காசோ படமாக வருகிறது. எத்தனை ஆண்டுப் பழமை என்பது தலைப்பாக வருகிறது. அது எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற ஒரு வரிதான் வருவதில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் குழியில் நாள் முழுவதும் பாடுபடுகிறார்கள் என்பதை, களப்பதிவு வேலையில் இருந்தவன் என்ற முறையில் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் குழியைப் படமெடுத்துவிட வேண்டும். சுவரின் நிழல் குறுக்கே விழுந்துவிட்டால் மண்ணின் நிறவேறுபாடு படத்தில் தெரியாது. முதல்நாள் விட்ட இடத்தைக் கூட்டி, அளவுகோலையும் வடக்கைக் காட்டும் அம்புக்குறியையும் வைத்துப் படமெடுத்த பிறகே கொத்து மண்ணில் படும். தோண்டுகிறோம் என்று சொன்னாலும் உண்மையில் அது சுரண்டும் வேலைதான். மண்வெட்டிக்கு மேல்மண்ணோடு வேலை முடிந்துவிடும். அதற்குக் கீழே சிறுகொத்தும் கொத்தனார் கரண்டியும் தூரிகையுமே. அள்ளிய மண் சட்டி சட்டியாகச் சல்லடைக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருக்கும் உள்ளூர்ப் பெண்களின் கண், படித்துவிட்டு வந்த எங்கள் கண்ணைவிடக் கூர்மையானது. கடுகைவிடச் சற்றே பெரிய கண்ணாடிப் பாசிமணியை ஈரமண் கட்டியிலிருந்து பிரித்தெடுப்பவர்கள் அவர்கள்தாம். செய்திகளில் அவர்களும் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

மண்ணுக்குள் ஒரு பொருள் தலைகாட்டினால் உடனே பெயர்த்தெடுக்கக் கூடாது. குழியின் இரு பக்கச் சுவர்களிலிருந்து அதற்குள்ள தூரம், நிலையாக அடித்து வைத்த முளையிலிருந்து நூல் பிடித்து, ரசமட்டம் பார்த்து, தூக்குக்குண்டு விட்டு அளந்த ஆழம், அது கிடந்த மண்ணின் நிறமும் பதமும், அருகில் கிடந்தவை என எல்லாம் பதிவேட்டில் ஏறிய பின்பே பொருள் உறைக்குள் போகும். உறைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. ஈரம் பட்டால் பேனா மை கரைந்துவிடும் என்பதால் பென்சிலால் எழுதுவது வழக்கம். சல்லடையில் அகப்பட்ட பாசிக்கு இவ்வளவு துல்லியம் வாய்க்காது; இன்ன அடுக்கில், இந்த ஆழத்துக்கும் அந்த ஆழத்துக்கும் இடையே என்றுதான் எழுத முடியும்.

ஆழம் ஒன்றே காலத்தைச் சொல்லிவிடும் என்று எண்ணுபவர்களும் உண்டு. முந்திரித் தோப்புகள் நிறைந்த பண்ருட்டிப் பக்கத்தில் வேர் இறங்கி மக்கிய துளை, எலிவளை, பிற்காலத்தார் செங்கல் பெயர்க்க வெட்டிய பள்ளம் என்று எத்தனையோ வழிகளில் மேலே கிடந்த காசு கீழே இறங்கிவிடும். அளவுநாடாவை மட்டும் நம்பினால் கிழக்கிந்தியக் கும்பினியார் காலத்துக் காசைச் சங்ககாலத்தில் சேர்த்துவிடுவோம். அதனால்தான் குழிகளுக்கு இடையே தோண்டாத வரப்பு விடப்படுகிறது. அதன் பக்கத்தைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, அடுக்கு மாறும் இடங்களில் கோடிட்டு, வரைபடத் தாளில் அளவு பிசகாமல் வரைகிறார்கள். பார்ப்பவர்களுக்குச் சலிப்பூட்டும் வேலை இதுதான்; எனக்கோ அகழாய்வின் உயிர்நாடியே இதுதான் என்று தோன்றுகிறது.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரி அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1937ஆம் ஆண்டையொட்டி, பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் சிறுவர்களிடமிருந்து மணிகளையும் கற்களையும் விலைக்கு வாங்கினார், தரையிலிருந்தும் சேகரித்தார். அவருக்குக் கிடைத்தவற்றில் உருவம் செதுக்கிய ஒரு கல் ரோமப் பேரரசர் அகஸ்டசைக் காட்டுவதாகச் சொல்லப்பட்டது. ஊரே வியந்த பொருள்தான்; ஆனால் மண்ணடுக்கின் சாட்சி இல்லாததால், அதை வைத்து அந்த ஊரின் காலத்தைக் கணிக்க இயலவில்லை. 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அடுக்கு அடுக்காகத் தோண்டியபோது காலக்கணக்கைத் தீர்த்தவை இத்தாலியில் செய்த அரிட்டைன் கலங்களின் உடைந்த சில்லுகளே. அவற்றின் காலம் ரோம நாட்டுச் சான்றுகளால் தெரிந்திருந்தது. எனவே அவற்றோடு கிடந்த, உருளையால் புள்ளிக்கோலம் பதித்த ரௌலட்டட் ஓடுகளுக்கும் காலம் குறிக்க முடிந்தது. அதே வகை ஓடுகள் அங்கும் கிடைத்ததைக் கொண்டே 1947இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியில் பெருங்கற்காலப் பண்பாட்டுக்கும் அவர் காலம் கணித்தார்.

அதைவிட முக்கியமானது பின்னர் நடந்தது. குழிச்சுவரின் அடுக்குகளைக் காட்டும் வெட்டுமுக வரைபடங்களை வீலர் அச்சிட்டிருந்ததால், 1983இல் தொல்லியலாளர் விமலா பெக்லி அவற்றை மறுபடி ஆராய்ந்து, அரிக்கமேட்டுக் குடியிருப்பு வீலர் சொன்னதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று வாதிட முடிந்தது. 1989 முதல் 1992 வரை அவர் தலைமையில் நடந்த அகழாய்வு அதற்கு வலுச் சேர்த்தது. தோண்டிய மண்ணைத் திரும்ப அடுக்க முடியாது. பதிவு இருந்தால்தான் முன்னவர் முடிவைப் பின்னவர் திருத்த வழியுண்டு.

ஆகவே, அகழாய்வுச் செய்தி வெளியிடும்போது குழி, ஆழம், அடுக்கு ஆகிய மூன்றையும் களத்தில் இருப்பவர்களிடம் கேட்டுப் பெற்று ஒரு வரியில் சேர்க்குமாறு தங்கள் செய்தியாளர்களை அறிவுறுத்த வேண்டுகிறேன். இடம் போதாவிட்டால் பழமையைப் புகழும் உரிச்சொற்களில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம். முடியுமானால் கையில் ஏந்திய பொருளின் படத்துக்குப் பதிலாக, மண்ணில் இருந்தபடியே எடுத்த படத்தை வெளியிடுங்கள். கிணறு வெட்டும்போதோ உழும்போதோ ஓடு, மணி, செங்கல் வரிசை எதுவும் தென்பட்டால், அசைக்காமல் அந்த இடத்திலேயே கைப்பேசியில் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் சொல்லுமாறு வாசகர்களைக் கேட்டு ஒரு சிறு குறிப்பையும் தாங்கள் அவ்வப்போது வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.