பள்ளி மாற்றங்கள்: வியாழனுக்குள் உங்கள் கருத்து தேவை

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

நகரப் பள்ளிகளில் வரவிருக்கும் மாற்றங்கள் குறித்து வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறது. மாணவர் குறைந்த பள்ளிகளை இணைப்பது, சேர்க்கை எல்லைகளை (எந்தப் பகுதிப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேரலாம் என்பதை) மாற்றுவது, பள்ளி நேரம் ஆகியவை பேசப்படும்.

1. வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். பேச விரும்புவோர் 9.30க்கே பெயர் பதிய வேண்டும்.

2. எழுத்துக் கருத்தை வியாழன் இரவு 8 மணிக்குள் எனக்கு அனுப்புங்கள். 'எதிர்க்கிறோம்' என்ற ஒற்றை வரி போதாது. பிள்ளை இப்போது எவ்வளவு தூரம் போகிறது, இணைத்தால் எவ்வளவு கூடும், நடுவில் பெரிய சாலையைக் கடக்க வேண்டுமா, அண்ணனும் தங்கையும் வேறு வேறு பள்ளிக்குப் பிரிவார்களா என்று எழுதுங்கள். இப்படிக் குறிப்பாக எழுதினால்தான் கூட்டத்தில் பதில் சொல்பவர்கள் மழுப்ப முடியாது.

3. ஆதரிப்பவர்களும் தயங்காமல் எழுதலாம். சிறிய பள்ளிகளில் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்துவதும் உண்மைதானே.

4. வருகிறீர்களா என்று இன்றே பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் எனக்குப் புரியாது!

அப்புறம், 'மூடப்போகும் பள்ளிகள்' என்று சுற்றும் பட்டியலைப் பகிர வேண்டாம். யார் வெளியிட்டது என்றே அதில் இல்லை.