வணிகராக வந்தவர்களும் வாக்குரிமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தியாவிலிருந்து வந்து இலங்கையின் மலையகத்தில் காலூன்றி அரசியலுக்குப் போனவர்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் தாண்ட வேண்டியிருந்த குடியுரிமைச் சட்டத்தை விட்டுவிடுகிறோம். செல்வாக்கும் பணமும் மட்டும் போதவில்லை.

மலையகத் தமிழர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1913இல் தமிழகத்தின் முனப்புதூரில் பிறந்தவர். தந்தை கருப்பையா தொழிலாளியாக வந்து, தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணியாகி, றம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே வாங்கினார். மகன் 1947இல் நுவரெலியாவில் வென்றார். அந்தத் தேர்தலில் அவருடைய கட்சியான இலங்கை இந்திய காங்கிரசுக்கு ஏழு இடங்கள். 1952இல் ஒன்றுமில்லை, ஏனெனில் குடியுரிமை இல்லாததால் அதன் வாக்காளரே பட்டியலில் இல்லை.

இந்தியாவிலிருந்து வந்தவர்கள் குடியுரிமை பெறுவதற்கான 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும் என்றது. விண்ணப்பிக்க இரண்டே ஆண்டுகள். ஊருக்குப் போய் ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கினால் தொடர்ச்சி அறுந்தது. ஹட்டன், பண்டாரவளைக் கடைக்காரர்களுக்கு இதுதான் பெரிய இடி. குடும்பத்தை ஊரில் வைத்துவிட்டு முறைவைத்துப் போய்வருவது அவர்கள் வழக்கம். தோட்டத் தொழிலாளிக்குச் செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேடாவது இருந்தது. கடைச் சிப்பந்திக்கு முதலாளியின் பேரேடு மட்டுமே. அது கறையானுக்குப் போனால் சான்றும் போயிற்று.

தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கால் நாடாளுமன்றம் புக 1977 ஆயிற்று. நுவரெலியா - மஸ்கெலியாவின் மூன்றாம் உறுப்பினராக வந்தார்.

பழைய பேரேடு, கப்பல் சீட்டு, கூப்பன் (ரேஷன்) புத்தகம் வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றைப் பழைய பேப்பருக்குப் போட வேண்டாம். ஈரம்படாமல் வைத்து, படமெடுத்துப் பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

மலையக வாசகர்கள் சிலர்,
ஹட்டன்