பழைய தோட்டச் சஞ்சிகைகள் வாசிக்கிற உறவுகளுக்கு

வணக்கம். கைமாறி வரும் பழைய ஆங்கிலத் தோட்டச் சஞ்சிகைகளில் விளம்பரப் பக்கங்களையும் விடாதேங்கோ, அரைவாசி ருசி அதிலதான். ஆனால் அதிலுள்ள மாதக் கணக்கு வன்னிக்குச் சரிவராது. மார்ச்சில் விதை என்பது பனி விலகும் நாட்டுக்கு, எங்களுக்கு ஐப்பசி மழைதான் கணக்கு.

அளவுகளையும் பாருங்கோ. பிரித்தானியக் கலன் 4.5 லீற்றர், அமெரிக்கக் கலன் 3.8. பயிரின் பூஞ்சண நோய்க்கு அடிக்கிற போர்டோ கலவைக்கு "4-4-50" என்று இருந்தால் 4 இறாத்தல் துருசு (செப்புச் சல்பேற்று), 4 இறாத்தல் சுண்ணாம்பு, 50 அமெரிக்கக் கலன் தண்ணீர். வீட்டுத்தோட்டத்துக்கு 10 லீற்றருக்குத் தலா 100 கிராம் போதும். இரண்டையும் வேறுவேறு பிளாஸ்டிக் வாளியில் 5 லீற்றர் வீதம் கரைத்து, துருசுத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கோ. தகர வாளி கூடாது, செம்பு அதில் படிந்துவிடும். துலக்கிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் தோய்த்துப் பாருங்கோ. செம்பு நிறம் ஏறினால் இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு போடவேணும். காற்றுப்பட்டுப் பழுதான சுண்ணாம்பென்றால் இப்படித்தான் வரும். அன்றைக்கே அடித்து முடியுங்கோ.

தடைசெய்யப்பட்ட பூச்சிகொல்லியான டி.டி.ரி.யைத் தெளிக்கச் சொல்லும் பக்கங்கள் வாசிக்க மட்டும்.

சஞ்சிகைத் தாள்களைப் பிணைத்திருக்கும் துருப்பிடித்த கம்பியைக் கழற்றி நூலால் தைத்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுங்கோ.