ஜெரஜாக் தீவுக்குப் போய்வந்தோம்: நன்றி

முதல் நன்றி பெரியம்மாவுக்கு. 84 வயதில், தீபாவளி முடிந்த ஓர் இரவில், "உங்க தாத்தா ஊருக்குக் கப்பலேறிப் போகலடா. பெருவியாதின்னு ஜெரஜாக்குக்குக் கொண்டுபோயிட்டாங்க" என்றார். அதுவரை எங்களுக்குத் தெரிந்த தாத்தா, ஜப்பான்காரன் போன கையோடு நாகப்பட்டினம் திரும்பி அங்கேயே செத்தவர். அவர் சாப்பிட்ட மங்குத் தட்டைப் பாட்டி பால்மரக் காட்டில் புதைத்ததும் அன்றுதான் தெரிந்தது. சிறுவயதில் எங்களுக்குத் தேமல் வந்தால் பெரியம்மா ஏன் ஊசியும் கையுமாக வந்து "வலிக்குதா, வலிக்குதா" என்று குத்திப் பார்த்தார் என்பதும்.

பழைய நூல்களைத் தேடித் தந்த நூலகத் தங்கைக்கு நன்றி. பினாங்குக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் கிடக்கும் அந்தத் தீவில் தொழுநோய் மருத்துவமனை எழும்பத் தொடங்கியது 1868இல். நோயாளிகள் வந்தது 1871 முதல். சில ஆண்டுகளில் அங்கேயே கப்பல் பயணிகளுக்கான தொற்றுத் தடுப்பு முகாமும் வந்தது. அம்மை, காலரா பயத்தில் தமிழ்க் கூலிகளை அங்கே நிறுத்திவைத்துத்தான் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். 'ரஜூலா' கப்பலில் வந்த தாத்தாவும் அங்கே சில நாள் இருந்ததாகப் பாட்டி சொல்வாராம். மலாயாவில் அவர் முதலில் மிதித்த மண்ணும் அதுதான், கடைசியில் போய்ச் சேர்ந்த மண்ணும் அதுதான். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோலாலம்பூர் பக்கத்துத் தொழுநோயாளர் குடியிருப்பான சுங்கை பூலோவில் செடி விற்கும் சீனப் பெரியவருக்கு எப்படி நன்றி சொல்ல? 1969இல் ஜெரஜாக் சிறையானபோது அங்கிருந்து மாற்றப்பட்டவர்களில் அவரும் ஒருவர். தாத்தாவை அவருக்குத் தெரியாது, காலம் ஒத்துவரவில்லை. ஆனாலும் இரண்டு மணி நேரம் பேசினார். இரவில் எதிர்க்கரை விளக்குகளை எண்ணுவாராம். அங்கே ஆட்கள் தம்பாட்டுக்குக் கடைக்குப் போய்வருவார்கள் என்று நினைத்துக்கொள்வாராம். கிளம்பும்போது பெரியம்மா கையில் ஒரு மல்லிகைச் செடியைக் கொடுத்துவிட்டு, காசை வாங்க மறுத்துவிட்டார்.

எங்கள் டாக்டர் பிள்ளைக்கும் நன்றி. அந்தக் காலத் தொழுநோய் முகாம்களில் போட்ட ஊசி, நம் சித்த வைத்தியத்தில் உள்ள நீரடிமுத்து எண்ணெயின் இனம்தான் என்று சொன்னாள். போட்டால் உயிர் போகும் வலி, பலனோ கொஞ்சம். போருக்குப் பிறகு டாப்சோன் மாத்திரை. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து வந்தபின் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ குணம். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு இது தொற்றவே தொற்றாது என்றும் சொன்னாள். பெரியம்மா நம்பவில்லை. "அப்ப அந்தத் தட்டு?" என்று மட்டும் கேட்டார்.

ஓர் அலுவலகத்தில் "இத்தனை வருஷமா ஏன் தேடல?" என்றார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

கல்லறையும் கிடைக்கவில்லை. மெட்ராஸில் குண்டு போட்ட அதே ஜெர்மன் கப்பல் எம்டன் 1914இல் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்ததே, அந்த ரஷ்ய மாலுமிகளுக்குத் தீவில் நினைவுக்கல் இருக்கிறது. தாத்தா எந்தப் புதரடியில் கிடக்கிறாரோ.

படகுக்கார பாய், உங்களுக்குத்தான் கடைசி நன்றி. படித்துறையில் பெரியம்மாவுக்குக் கால் வரவில்லை, இறங்கவும் மனசில்லை. நாங்கள் காட்டுக்குள் சுற்றிய நேரமெல்லாம் படகிலேயே அவருக்குத் துணையிருந்தீர்கள். தாத்தாவுக்கென்று கட்டிவந்த சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் அவர் பிசைந்து நீட்ட, கை நீட்டி வாங்கிச் சாப்பிட்டீர்களாமே. வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். டிப்பன் கேரியரின் மேல் தட்டு உங்கள் படகில் இருக்கிறது. எடுத்து வையுங்கள், தைப்பூசத்துக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறோம்.