பார்வை நூல் பட்டியலுக்குப் பொறுப்பாளர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூலக அறிவியல் படித்துவிட்டுக் கூடலூரில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். கல்லூரிகள் வாட்ஸ்அப்பிலும் கூகுள் கிளாஸ்ரூமிலும் அனுப்புகிற பார்வை நூல் பட்டியல்கள் கடைசியில் என் மேசைக்குத்தான் வருகின்றன. பிள்ளைகள் அவற்றோடு படும் பாட்டைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன்.

அண்மையில் பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒரு மாணவி வந்தார். கைப்பேசியில் இருந்த பட்டியலில் நூலின் பெயரும் பதிப்பகமும் மட்டுமே. எந்த இயல், எந்தப் பக்கம் என்பது இல்லை. சில இணைப்புகள் திறக்கவே இல்லை. ஒன்று பணம் கட்டச் சொன்னது. திறந்த ஒரே கோப்பும் யாரோ கைப்பேசியில் படம்பிடித்த புத்தகம்: நடுமடிப்பில் வரிக்கு இரண்டு எழுத்து மறைந்திருந்தது, சில பக்கங்கள் தலைகீழாகக் கிடந்தன. எது தேவை என்று தெரியாததால் முழுப் புத்தகத்தையும் அச்செடுக்கச் சொன்னார். வகுப்புத் தோழி ஒருவரை அழைத்துக் கேட்ட பிறகுதான், படிக்க வேண்டியது ஓர் இயல் மட்டுமே என்று தெரிந்தது. கடைக்கு வந்த மாணவியின் அம்மா கொழுந்து பறிக்கிறவர். அந்தக் கூலியில் முந்நூறு பக்கத்துக்குக் காசு கொடுக்க வைப்பது எந்த நியாயத்தில் சேரும்?

பணம் கேட்கும் இணைப்புக்குக் காரணம் எளிது. கல்லூரி வளாக இணையத்தில் சந்தா இதழ்கள் தாமாகவே திறக்கும். விரிவுரையாளர் அங்கிருந்தபடி முகவரியை நகலெடுத்து அனுப்புகிறார். வீட்டிலிருக்கும் மாணவிக்கு அதே முகவரி பூட்டிய கதவுதான். கட்டுரைக்குரிய டி.ஓ.ஐ. எண்ணையும் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண்), எந்தக் கணக்கில் நுழைய வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களை இணைக்கும், காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம், கல்லூரிகளுக்கு மின்நூல்கள் கிடைக்கச் செய்யும் என்-லிஸ்ட் திட்டத்தை நடத்துகிறது. அதில் சேர்ந்த கல்லூரிகளின் மாணவர்கள், தங்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு வீட்டிலிருந்தே மின்நூல்களைப் படிக்கலாம். அப்படியொரு கடவுச்சொல் உண்டு என்பதே என்னிடம் வரும் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை.

தமிழ் இலக்கிய மாணவர்களின் நிலை இன்னும் வருத்தம் தருகிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட எத்தனையோ நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இலவசமாகத் தருகிறது. பட்டியலில் அந்த முகவரியைச் சேர்க்க ஒரு வரி போதும்.

பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் இதற்கென்றே மென்பொருள் வைத்திருக்கின்றன. கட்டாயம் படிக்க வேண்டியது எது, கூடுதலாகப் படிக்கலாம் என்பது எது என்று ஆசிரியர் குறிக்கிறார். அதைப் பார்த்து நூலகர் பிரதிகளை வாங்குகிறார், செத்துப்போன இணைப்புகளை மாற்றுகிறார். நமக்கு அந்த மென்பொருள் வேண்டியதில்லை. ஒரு கூகுள் ஷீட்டும், அதற்குப் பொறுப்பாக ஒரு நூலகரும் இருந்தால் போதும். பருவம் தொடங்கும் முன் அவர் தம் வீட்டுக் கைப்பேசியிலிருந்து ஒவ்வோர் இணைப்பையும் திறந்து பார்க்க வேண்டும். சீர்காழியில் பிறந்த நூலக அறிவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கித்தான் நூலக அறிவியல் படித்த எல்லோரும் தேறியிருக்கிறோம்.

பாடப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்துக் கொடுக்கக் கல்லூரிகள் சட்டத்துக்கு அஞ்சுவதாகச் சொல்கிறார்கள். தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை ஒன்றின் மீது பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், கற்பித்தலுக்காக அப்படித் தொகுப்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை மீறுவதாகாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக்கூடிய தீர்ப்பல்ல அது.

தென்மேற்குப் பருவமழை வலுத்தால் தேவாலா, சேரம்பாடி பக்கம் மின்சாரம் போகும். பின்னாலேயே சிக்னலும் போகும். அப்போது இணையப் பட்டியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. ஆகவே, கட்டாயப் பகுதிகளை மட்டுமாவது தெளிவாக ஸ்கேன் செய்து, சிறிய கோப்பாகப் பருவத்தின் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். அச்சுப் பிரதி ஒன்றை அருகிலுள்ள கிளை நூலகத்திலும் வையுங்கள். இந்த ஜூன் மாதமே இதைத் தொடங்க முன்வரும் கல்லூரிக்கு, பட்டியலைச் சரிபார்த்து ஒழுங்குபடுத்தும் வேலையில் சம்பளம் வாங்காமல் உதவ நான் தயார்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்