பேத்தியோடு வந்திருந்த ஐயாவுக்கு ஒரு நன்றி

போன வாரம் பெங்களூருவில் எனக்கு லண்டன் ட்ரினிட்டி காலேஜ் நடத்துகிற இசைக் கீபோர்டு பரீட்சை, இனிஷியல், அதாவது முதல் கிரேடுக்கும் முன்னால் வருகிற ஆரம்பப் படி. கிருஷ்ணகிரியில் விடியறதுக்கு முன்னாடியே பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தால், காத்திருந்தவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள், புடவையில் நான் ஒருத்திதான். கை ரெண்டும் சில்லிட்டு விரல் மடங்கவே இல்லை.

பேத்தியைக் கூட்டி வந்திருந்த நீங்கள்தான், "பதட்டத்துல விரல் நுனிக்கு ரத்தம் குறைஞ்சுடும்மா, அதான் குளிருது" என்று பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தீர்கள், குடிக்க இல்லை, பிடித்துக்கொள்ள! மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடச் சொன்னீர்கள். அப்புறம் சொன்னதுதான் பெரிய உதவி: "100க்கு 60 வந்தா பாஸ், ஒரு இடம் தப்பினா நிக்காதே, முதல்லேர்ந்து ஆரம்பிக்காதே, தாளத்தை விடாம போய்க்கிட்டே இரு." இதையே என் டீச்சரும் பலமுறை சொல்லியிருப்பார், ஆனால் அந்த நேரத்தில் காதில் விழணுமே.

உள்ளே ரெண்டாவது பாட்டில் இடது கையில் சேர்த்து அழுத்துகிற சுரக்கூட்டு (chord) ஒன்று மாறிவிட்டது. நிற்கவில்லை. எக்ஸாமினர் தலை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டே இருந்தார், மூன்றாவது பாட்டு வீட்டில் வாசிப்பதைவிட நன்றாகவே வந்தது.

ரொம்ப நன்றி ஐயா. வெளியே வந்தபோது பேத்தியோடு நீங்கள் உள்ளே போயிருந்தீர்கள், எனக்கோ ஓசூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். பாப்பா எப்படி வாசித்தாள்?